பதினோரு வருஷ மாத்திரை

சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்றுதானே சொன்னாள், அதில் என்ன பொய்... வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று அந்தப் புது டாக்டர் கேட்டபோது, ஒண்ணும் கிடையாது டாக்டர் என்று பெருமையாக முந்திக்கொண்டது அவள்தான், கணவர் பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தார், பாவம், அவரை வாய் திறக்க விட்டால்தானே. கொழுப்பு மாத்திரை ஞாபகத்துக்கே வரவில்லை. பதினோரு வருஷமாக ராத்திரி சாப்பிட்டதும் போடுவது, பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது, பல் தேய்ப்பதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? வழக்கமாகப் பார்க்கிறவர் லீவில் போகாமல் இருந்திருந்தால் இந்த வினையே இல்லை... இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர், பிளாஸ்டிக் நாற்காலியில் இவள், கட்டிலோரம் தொங்கும் பையில் பால் விடாத காப்பி நிறத்தில் சிறுநீர், பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போகிறது. சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக், கொழுப்பு மாத்திரையை உடம்பை விட்டு வெளியேற விடாதாம், அது நாளுக்கு நாள் சேர்ந்து தசையைச் சிதைத்து, அந்தக் கழிவு கிட்னியை அடைத்துவிட்டதாம், காலையில் இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா விளக்கியபோது தலையைத் தலையை ஆட்டினாள். கிட்னி மீளுமா? ரெண்டு நாள் போகட்டும், பார்க்கலாம், அவ்வளவுதான் பதில்.

சளி மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாளே சொன்னாரே, தொடையெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது, இன்னிக்கு எந்த மாத்திரையும் வேணாமேன்னு... கேட்டாளா? அடம் பிடிக்காதீங்க என்று உள்ளங்கையில் இரண்டையும் வைத்து, தண்ணீரை நீட்டி, விழுங்குகிற வரைக்கும் நகரவில்லை. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்றுகூடச் சொன்னாள், அந்த நாக்கை என்ன செய்வது... டாக்டரம்மா மறுபடி வந்தார், கையில் அட்டை, "வீட்டுல மாத்திரையெல்லாம் யாரு எடுத்துக் குடுக்கறது?" நான்தான் என்று சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும், அதற்குள் கட்டிலிலிருந்து குரல், "நானேதான் போட்டுக்குவேன்மா. கொழுப்பு மாத்திரையப் பத்தி அந்த டாக்டர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்." ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷர். டாக்டரம்மா எழுதிக்கொண்டு போய்விட்டார், கணவர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார், இவள் பக்கம் திரும்பவில்லை... காப்பாற்றத்தான் சொன்னாரா, இல்லை இனி இவளிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாரா? அவர் அப்படிச் சொன்ன நொடியில் ஐயோ என்று இருந்திருக்க வேண்டும், அவளுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.