கரடிக்கு ஒரு கைத்துப்பாக்கி

நூர் அகமது கடைக்குத் துப்பாக்கி வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் வாங்க வருவதில்லை. கையில் வாங்கி எடை பார்ப்பார்கள், ஒற்றைக் கண்ணைச் சுருக்கி எதிர்க்கடைப் போர்டைக் குறி பார்ப்பார்கள், ஒரு போட்டோ எடுத்துக்கிடவா பாய் என்பார்கள். காலேஜ் பிள்ளைகளின் ஏர்கன்னுக்கு ஈயக்குண்டு, பாங்கு வாசலில் நிற்கிறவர்களின் ரெட்டைக் குழலுக்கு எண்ணெய், தேர்தல் நேரத்தில் பெரிய மனிதர்கள் ஒப்படைத்துவிட்டுப் போகிற துப்பாக்கிகளுக்குக் காவல் என்று திண்டுக்கல்லில் அவர் பிழைப்பு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஆகவே சித்திரை மாதத்து வெயிலில், முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிய ஓர் ஆள் உள்ளே வந்து செல்போனை நீட்டியபோது, இன்னொரு போட்டோ கிராக்கி என்றுதான் நினைத்தார். போனில் ஒரு வெள்ளைக்காரன் பனிக்காட்டில் நின்றுகொண்டிருந்தான். அவன் இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு ரிவால்வர். கரடியிடமிருந்து தப்பிக்க ஏற்ற ஐந்து கைத்துப்பாக்கிகள் என்று அந்த வீடியோ வரிசைப்படுத்திக்கொண்டு போனது. வந்தவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவதை விரலால் தொட்டுக் காட்டினார்.

பின்னாலேயே வந்த பெண், கையிலிருந்த பையைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, அவருக்குப் பதிலாகப் பேசினாள்.

"கரடிக்கு பாய்."

"எந்தக் கரடிக்கும்மா?"

"கன்னிவாடிக் கரடிக்கு. வேற எந்தக் கரடி எங்களத் தேடி வரப்போகுது?"

அவள் பெயர் ஒச்சாயி. ஆள் அவள் வீட்டுக்காரர் சடையாண்டி. பெயரைக் கேட்டதும் நூர் அகமதுக்குத் தெரிந்துவிட்டது. பழ மண்டியில் இருபத்திரண்டு வருடம் ஏலம் விட்டவர் சடையாண்டி. மண்டியில் அவர் ஒரு தரம் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறவன் ரெண்டு தரம் என்பான் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அந்த ஆளா இப்படி வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்தார்.

நடந்ததை ஒச்சாயி நின்றபடியே சொன்னாள். கன்னிவாடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு மாந்தோப்பு. ஏலக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏலம் இருக்கிற நாளில், எழுந்ததிலிருந்து முதல் குவியலை விடுகிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார்கள். தொண்டையைச் சும்மா செலவழிக்கக் கூடாது. வெந்நீரில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்துவிட்டு, பெண்டாட்டியிடம்கூடத் தலையை ஆட்டித்தான் பேச்சு. போன ஐப்பசியில் அப்படி ஒரு ஏல நாள். மண்டிக்குக் கிளம்புமுன் தோப்பை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமென்று விடியற்காலையில் போயிருக்கிறார். மழை பெய்து ஈரமாயிருந்த மண்ணில் செருப்புச் சத்தம்கூட இல்லை. வாயும் மூடியிருந்தது. புற்றுக்குள் மூஞ்சியை விட்டுக் கரையானை உறிஞ்சிக்கொண்டிருந்த கரடிக்கு, ஆள் முதுகுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற வரைக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் ஒரே அடி. இடது கன்னத்திலிருந்து தாடை வரைக்கும்.

தாடையில் தகடு வைத்திருக்கிறார்கள். நாக்கு முன்னைப்போலப் புரளவில்லை. மண்டியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் டீக்கடையில் இவர் டீ கேட்டபோது எவனோ சிரித்துவிட்டான். அன்றைக்குக் கட்டிய துண்டுதான்.

இப்போது மாங்காய்ப் பருவம். விடிகிற நேரத்துக்குத் தோப்பில் ஆள் இருந்தாக வேண்டும். ஒச்சாயி தனியாகத்தான் போகிறாள். இவர் ரோடு திரும்புகிற இடம் வரைக்கும் கூட வருவார். அதற்கு மேல் கால் வராது. அவள் திரும்பி வருகிறவரைக்கும் அங்கேயே நிற்பார், வெயில் ஏறினாலும்.

"வீட்டுக்குப் போயிட்டு வாய்யா, கஞ்சியக் குடிச்சுட்டு வான்னாலும் போகமாட்டாரு. கம்பத்துல கட்டுன மாடு மாதிரி நிப்பாரு" என்று சொல்லி, ஒச்சாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உடனே குரலை மாற்றி, "இவருக்குப் போயி துப்பாக்கி. எலிப்பொறி வச்சா இவரு கைதான் மொதல்ல மாட்டும்" என்றாள்.

சடையாண்டி துண்டைச் சற்றுத் தளர்த்தினார். சொற்கள் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்தன.

"நான் முன்னாடி போகணும் பாய். அவ பின்னாடி வரணும்."

அதோடு கட்டிக்கொண்டார்.

நூர் அகமது வியாபாரி. வாங்க வந்தவன் எதற்காக வாங்குகிறான் என்று தெரிந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு அவர் முதலில் உள்ளதைத்தான் சொன்னார். அந்த வெள்ளைக்காரன் ஊர் கரடி வேறு, சட்டம் வேறு. ரிவால்வருக்கு லைசென்ஸ் வேண்டும், கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போட்டு போலீஸ் விசாரித்து முடிப்பதற்குள் இந்த மாங்காய் மட்டுமல்ல அடுத்த மாங்காயும் பழுத்து விழுந்துவிடும். கரடிக்காகக் கைத்துப்பாக்கி என்று எழுதினால் அந்த மனுவைப் படிக்கிறவர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மூடுவார். அப்படியே கிடைத்தாலும், இங்கே விற்கிற சின்னக் குண்டு கரடியின் அம்புட்டு மயிரையும் தோலையும் தாண்டி உள்ளே போகுமா என்பது கரடிக்குத்தான் தெரியும். அதைச் சுட்டுக் கொன்றால் வனத்துறைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். உயிருக்குத் தப்பத்தான் சுட்டேன் என்று நிரூபிக்க அலைய வேண்டும்.

சடையாண்டி எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணாடிக்குள் ஓரமாகக் கிடந்த கருப்பு ஏர் பிஸ்டலைக் காட்டினார்.

அது நாலு வருடமாக அங்கே கிடக்கிறது. லைசென்ஸ் தேவையில்லை. பார்த்தால் நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். சுட்டால் தகர டப்பாவில் ஓட்டை விழும். அதைத் தள்ளிவிட நூர் அகமது பார்க்காத வழியில்லை. இப்போது அதையே ஒருவர் வலிய வந்து கேட்கிறார். அது கரடியை என்ன செய்யும் என்று ஒச்சாயி கேட்டாள். பயமுறுத்தும், இடுப்பில் இருந்தாலே ஒரு தைரியம் என்று சொன்னார். சொல்லும்போதே நாக்கில் ஒரு கசப்புத் தட்டியது. ஆனாலும் விலையைச் சொல்லிவிட்டார்.

ஒச்சாயி அதில் பாதியைக் கேட்டாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அவர் கூப்பிட்டார். அவள் வந்தாள். இருபது நிமிடம் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். விலை ஒரு இடத்தில் வந்து நின்றது. நூர் அகமது பிஸ்டலை நியூஸ் பேப்பரில் சுற்றி நூல் போட்டுக் கட்டினார்.

கட்டும்போதுதான் மனசு உறுத்தியது. இந்தக் கடையில் விற்ற எந்தச் சாமானும் குறை சொல்லிக்கொண்டு திரும்பி வந்ததில்லை என்பது அவர் பெருமை. இதுவும் வராது. குறை சொல்ல ஆள் இருக்காது.

"செத்த இரு அப்பு. ஒரு தடவ பாத்துருவோம்" என்று நூலை அறுத்தார். குண்டு போடாத பிஸ்டலைச் சடையாண்டியின் இடுப்பில், வேட்டி மடிப்பில் செருகினார். பெட்டியோரம் நிற்கச் சொன்னார். தான் வாசற்படிக்குப் போனார். அங்கிருந்து இங்கே எட்டடி. புற்றுக்கும் உனக்கும் அன்றைக்கு இம்புட்டுத்தானே தூரம் என்று கேட்டார். சடையாண்டி தலையாட்டினார்.

நூர் அகமதுக்கு வயது அறுபத்திரண்டு, முட்டிவலி, தொப்பை. கரடி அவரைவிட நாலு மடங்கு வேகம். அப்படியிருந்தும் அவர் ஓடிவந்து சடையாண்டியின் நெஞ்சில் விரலை வைத்தபோது பிஸ்டல் வேட்டியோடு சிக்கிக்கொண்டிருந்தது. வேட்டிதான் பாதி வெளியே வந்திருந்தது. ஒச்சாயி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"செத்துட்ட" என்றார் நூர் அகமது.

இரண்டாவது தடவை பிஸ்டல் வெளியே வந்தது. ஆனால் குழல் சடையாண்டியின் வயிற்றைப் பார்த்திருந்தது.

"இப்ப கரடி தப்பிச்சுது. நீ மறுபடியும் செத்துட்ட."

ஒச்சாயி போதும் பாய் என்றாள். நூர் அகமதுக்கோ, ஒரு வேலையை ஆரம்பித்தால் அரைகுறையாக விடுகிற பழக்கம் இல்லை. வாசலில் நின்ற ஸ்கூட்டரின் கருப்புக் கவரை உருவினார். தலையோடு போர்த்திக்கொண்டார். இரண்டு கையையும் தூக்கினார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை; குத்துமதிப்பாக உறுமிக்கொண்டு பாய்ந்தார்.

"ஒரு தரம்ம்ம்!"

கண்ணாடிப் பெட்டி அதிர்ந்தது. தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று பிரேக் போட்டது. எதிர்ப் பூட்டுக்கடைக்காரர் கையில் சாவியோடு வெளியே வந்து நின்றார். நூர் அகமது பாதி வழியிலேயே பின்வாங்கி, கால் தடுக்கி, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கவரை விலக்கிப் பார்த்தார். சடையாண்டி சுவரோடு சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். துண்டு கழுத்துக்கு இறங்கிக் கிடந்தது. பிஸ்டல் இடுப்பிலேயே இருந்தது, அதை அவர் தொடக்கூட இல்லை.

பிறகு ஒச்சாயி தரையில் உட்கார்ந்துகொண்டு, "ஆறு மாசமாச்சு பாய், இந்தச் சத்தத்தக் கேட்டு" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

நூர் அகமது எழுந்து போய்ப் பிஸ்டலை உருவி, பழைய இடத்திலேயே வைத்துக் கண்ணாடியைச் சாத்தினார்.

"இது உனக்கு வேணாம் அப்பு. இது இடுப்புல இருந்தா நீ வாயத் தொறக்க மாட்ட. அன்னைக்கு நீ சத்தம் குடுத்துட்டுப் போயிருந்தா அது எந்திரிச்சு அதுபாட்டுக்குப் போயிருக்கும். நீ பூனை மாதிரிப் போன. அதுவும் உன்னப் பாத்துப் பயந்துதான் போச்சு."

சடையாண்டி கழுத்தில் கிடந்த துண்டை மறுபடி மேலே இழுத்தார். பிறகு சொன்னார்.

"கொரல் கோணிக்கிட்டு வருது பாய். சிரிப்பாங்க."

"கரடி சிரிக்காது."

ஒச்சாயி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பேசின விலைக்குத் தர மனசில்லாமல் இம்புட்டு நாடகமா என்று கேட்டாள். நூர் அகமது அவர்களுக்கு டீ சொன்னார். சடையாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குடித்தார். போகும்போது ஒச்சாயி, எதற்கும் இருக்கட்டும் என்று நூர் அகமதின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலை, பஜ்ர் தொழுதுவிட்டு வந்து அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒச்சாயி. ஒன்றும் சொல்லாமல், கேளுங்க என்று மட்டும் கிசுகிசுத்துவிட்டுப் போனை எங்கேயோ நீட்டினாள்.

தூரத்தில் அந்தக் குரல். கோணல்தான். சில சொற்கள் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தன. ஆனால் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

"திண்டுக்கல் பாய் கடைத் துப்பாக்கி. நாலு வருசமா ஒருத்தன் கேக்கல. தோட்டா போடாது, கரடிய எழுப்பாது, சும்மா கெடக்கும். கேளு சாமி கேளு. நூறு. நூத்திப்பத்து. ஒரு தரம்…"

நூர் அகமதுக்குப் புரையேறிவிட்டது. டீயைக் கீழே வைத்தார்.

"ரெண்டு தரம்…"

அப்புறம் சத்தமில்லை. இலை சரசரத்தது. ஏதோ ஒன்று முறிகிற சத்தம். நூர் அகமது போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றார். ஒச்சாயி, ஒச்சாயி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற அந்தப் பிஸ்டல் ஒரு கணம் கண்முன் வந்து போனது.

"என்ன பாய்?" என்றாள் ஒச்சாயி சாவகாசமாக.

"அங்க என்ன சத்தம்?"

"தோப்புக்கு வந்துட்டோம். மூங்கில் படலத் தொறந்தோம். தண்ணி குடிக்கிறாரு."

"நீ எங்க இருக்க?"

"பின்னாடி" என்றாள் அவள். "அவரு முன்னாடி போறாரு. நான் பின்னாடிதான் வாரேன்."

நூர் அகமது உட்கார்ந்தார். டீ ஆறிப்போயிருந்தது. அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, குரலைக் கடைக் குரலாக மாற்றிக்கொண்டு சொன்னார்.

"நூத்திப் பதினஞ்சு. என் பேருக்குக் கேக்கச் சொல்லு."