டாக்சி செட்டின் ஒரு நிமிடம்

1

“டாக்சியில ஓடித் தேஞ்ச செட்டு இது, அக்கா, எந்த நேரம் கழுத்தறுக்கும்னு—”

“புதுசு மட்டும் அறுக்காதா? சீல் வச்ச பெட்டி. பழுதானா சுத்தி நின்னு வேடிக்கைதான்—”

“வாரண்டி இருக்குல்ல!”

“வாரண்டிக்காரன் வெள்ளத்துல நீந்தி வருவானா?”

2

இந்தச் சண்டைதான் எனக்கு முதலில் கேட்டது. ஆட்கள் பிறகுதான் வந்தார்கள்: பூதலூர் சுடர்விழி, அவள் தம்பி பரிதி. இருவரும் ஹாம் ரேடியோக்காரர்கள், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள். அரிசி ஆலை மாடியில் ஒரு ரிப்பீட்டர் வைக்க நினைத்தார்கள். கைரேடியோவின் மெலிந்த குரலை வாங்கி, ஊர் தாண்டிக் கேட்கும்படி திருப்பிச் சொல்லும் பெட்டி அது. தம்பிக்குப் புதிது வாங்க ஆசை. அக்காவோ, மூடிப்போன கால் டாக்சி கம்பெனியின் இரண்டு ரேடியோ செட்டுகளை இணைத்துத் தானே செய்துவிட்டாள். ஒன்று கேட்கும், மற்றது சொல்லும்.

(சண்டையை முதலில் ரேடியோவிலேயே நடத்தினேன். அதில் இருவர் சேர்ந்து பேசினால் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சுமாம். எழுதியதை அடித்துவிட்டு, இருவரையும் ஆலை மாடிக்கு ஏற்றினேன்.)

டிரைவர்கள் அரட்டையடிக்காமலிருக்க, யார் பேசினாலும் ஒரு நிமிடத்தில் வாயை அடைக்கும்படி கம்பெனி அந்தச் செட்டில் வைத்திருந்தது. சுடர்விழி அதை எடுக்கவில்லை.

“உனக்காகத்தான்டா விட்டு வச்சிருக்கேன்.”

3

ஐப்பசி அடைமழை. திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் உடைப்பு. மணல்மூட்டை அடுக்கப் போனவர்களோடு பரிதியும் போயிருந்தான். கரண்டு இல்லை, செல்போன் டவர் இல்லை. ரிப்பீட்டர் மட்டும் பேட்டரியில் ஓடியது. வீட்டு ரேடியோவில் அவன் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

“...கூட மூட்டை தூக்குற துரைராசு மாமா போகாதன்னாரு, நாந்தான் கேக்கல. உடைப்பு ஓரத்துலயே நிக்கிறேங்க்கா. தண்ணி என்னமா சுழிக்குது! காலுக்கடியில மண்ணு—”

அதோடு அந்தக் குரல்

(இந்த வாக்கியத்தை மூன்று முறை முடித்துப் பார்த்தேன். முடிக்கும்போதெல்லாம் பரிதி செத்துப்போகிறான். அப்படியே கிடக்கட்டும்.)

“பரிதி! டேய் பரிதி!”

ஒன்றுமில்லை. உங்களுக்கு அந்த ஒரு நிமிடம் நினைவிருக்கும். சுடர்விழிக்கு இல்லை. அவளுக்குத் தம்பி மட்டும்தான் நினைவிருந்தான்.

4

என்னிடம் ஒரு சோக முடிவும் இருந்தது. அதில் அவள் மழையில் ஓடி

வேண்டாம். பரிதி பேசிக்கொண்டேதான் இருந்தான். பொத்தானை அழுத்திப் பேசுகிறவனுக்கு எதிர்க்குரல் கேட்காது; ‘ஓவர்’ சொல்லிப் பொத்தானை விட்டால்தான் மற்றவர் முறை. ஒருவழியாக மூச்சு வாங்கப் பொத்தானை விட்டு, மறுபடி அழுத்தினான். பெட்டிக்கும் புதிதாக ஒரு நிமிடம் பிறந்தது.

“என்னக்கா, சத்தத்தையே காணோம்? உடைப்ப அடைச்சாச்சுன்னு எவ்வளவு நேரமா கத்துறேன்!”

அவள் மைக்கை வாயருகே இழுத்தாள்.

“மண்ணுன்னியே... மண்ணு என்னடா ஆச்சு?”

“மண்ணு கல்லாட்டம் நிக்குதுன்னேன். ஏன், கேக்கலயா? அடிப்பாவி அக்கா! டாக்சிக்காரன் வாய அடைச்சுட்டானா?”

“அடைச்சா என்னடா, நல்லா இருக்கியே! இந்தப் பழசு இல்லன்னா இதுவாவது கேட்டிருக்குமா?”

5

அவள் புதிது வாங்கச் சம்மதித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு திடமாகச் சண்டைக்கு வருகிறவன் பத்திரமாகத்தான் இருப்பான், எனக்கு அது போதும். கடைசியாகக் கேட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

“நெஞ்சுல கை வச்சுச் சொல்லுக்கா, புதுசா இருந்திருந்தா இப்படிப் பதறியிருப்பியா? ஓவர்.”