அசையாத இடம்

"பார்த்தீங்களா சார், பால் குடிச்ச பூனை மாதிரி எப்படிக் கிடக்குன்னு!" என்றான் அண்ணன்.

இரும்பு மேடையின் மேல் ராட்சத ப்ளோயர் வேகமெடுத்தது. அதிர்வைக் காட்டும் திரையில் கோடு கொஞ்சமும் நெளியவில்லை. மேடையை வாங்க வந்திருந்த ஆலை இன்ஜினியர் திருப்தியாகத் தலையாட்டினார்.

தங்கை மட்டும் திரையை நம்பாமல் பார்த்தாள்.

மேடைக்கு அடியில் இருந்த கருவி அவள் வடிவமைத்தது. பட்டறையில் அதற்கு 'விழுங்கி' என்று பெயர். ஒரு நீளப் பட்டை, அதில் நகரும் ஓர் எடை. ப்ளோயரின் வேகம் மாறினால் எடை தானே நகர்ந்து ஏற்ற இடத்தைப் பிடிக்கும். மேடையின் ஆட்டத்தையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். ஆனால், வேகம் சட்டென்று ஏறினால் எடை இடம் பிடிக்க எட்டு விநாடி ஆனது. அதுவரை மேடை உதறியது. ஆலையில் அந்த மேடைக்குக் கீழேதான் ஆட்கள் நிற்பார்கள். இன்னும் இரண்டு வாரம் வேண்டுமென்று முந்தாநாள்தான் அண்ணனிடம் கெஞ்சியிருந்தாள்.

அந்த எட்டு விநாடி எங்கே போயிற்று?

"மோட்டாரை மாத்தினியாண்ணா?"

"எல்லாம் மாத்தியாச்சு. நோண்டாம சோதனைப் படிவத்துல கையெழுத்தைப் போடு, குட்டி."

கைப்பிடிக் கம்பியைத் தொட்டாள். அதிர்வில் பல்வரை கூசியது. திரையிலோ கோடு படுத்தே கிடந்தது.

குனிந்து, மேடைச் சட்டத்தில் ஒட்டியிருந்த அதிர்வு சென்சாரைப் பிடுங்கினாள். அதற்கடியில் ஒரு சாக்பீஸ் வட்டம். அவள் போட்டதுதான். மற்ற இடமெல்லாம் ஆடும்போதும் சட்டத்தில் அந்த ஓர் இடம் அசையாது. "இங்க மட்டும் சென்சாரை ஒட்டிடாதேண்ணா, பொய் சொல்லும்" என்று அவனுக்கு அவள்தான் காட்டியிருந்தாள்.

ஒரு முழம் தள்ளி ஒட்டினாள். "வேகத்தைக் குறைச்சு மறுபடி ஏத்தச் சொல்லுங்க சார்."

கோடு திரையின் உச்சியை முட்டியது. எட்டு விநாடி கழித்தே அடங்கியது.

"இதை இங்க ஒட்டினது யாரு?" இன்ஜினியரின் குரல் மாறியது.

அண்ணன் கண்கூட இமைக்கவில்லை. "இடம் குறிச்சது அவதான் சார். வட்டத்துக்குப் பக்கத்துல தேதியைப் பாருங்க, அவ எழுத்து. எனக்கு ஸ்பானர் பிடிக்கத்தான் தெரியும்."

"அண்ணா..."

"என்ன நொண்ணா? கூடப் பொறந்தவளே குழி பறிச்சா நான் எங்க போய் முட்டிக்க?"

எழுத்து அவளுடையதுதான். இன்ஜினியர் அவளை முறைத்தார். அவள் சோதனைப் படிவத்தை எடுத்து, 'தேறவில்லை. தாமதம் எட்டு விநாடி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"ஏமாத்தப் பார்த்துட்டு இப்ப யோக்கியமாக்கும்?" என்றார் இன்ஜினியர்.

"என்னை என்ன வேணா நினைச்சுக்கங்க சார். அந்த மேடையை மாட்டிடாதீங்க. கீழ ஆள் நிக்கும்."

அவர் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி டிரைவருக்குக் குரல் கொடுத்தான். "மேடம் கிளம்புறாங்களாம். வண்டியை எடு."