நாலாவது மறுப்பு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் கானமராவில், கேட்டவுடன் எழுந்து பாடுகிறவனுக்கு மரியாதை கிடையாது. குறைந்தது மூன்று தடவையாவது மறுக்க வேண்டும். அதற்குப் பிறகு பல் பிடுங்க இழுத்துச் செல்லப்படுகிறவனைப் போல முனகிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடலாம். இதற்குப் பெயர் அடக்கம். இதிலும் எங்கள் ஆட்களுக்குப் போட்டி உண்டு.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே மதுக்கடையில் கூடியிருந்தது. டப்ளின் வானொலியிலிருந்து க்ரான்யா என்ற பெண் ஊர்ப் பாட்டுகளைப் பதிவுசெய்யக் கருவியோடு வந்திருந்தாள். ஃபெஸ்டிக்கு அறுபத்தொரு வயது. அவன் குரல் ஒரு தடவைகூட வானொலியில் வந்ததில்லை. பக்கத்து நாற்காலி பார்ட்லியின் குரல் மூன்று தடவை வந்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சலில் ஃபெஸ்டி, மூழ்கிய படகைப் பற்றிய பதினொரு சரணப் பாட்டை ஆறு வாரமாக மாடுகளுக்குப் பாடிக் காட்டித் தயாராக இருந்தான்.

"ஃபெஸ்டி, அந்தப் படகுப் பாட்ட எடுத்து விடுய்யா!"

"தொண்ட கட்டிக்கிச்சுப்பா."

"அட, பாடுய்யா!"

"வரியெல்லாம் மறந்து போச்சு."

"ரொம்பத்தான் பிகு பண்ணாத!"

"என்னவிட நல்லாப் பாடறவங்க இருக்காங்கப்பா."

இதோடு எழுந்திருக்க வேண்டியதுதான். ஆனால் மூன்று தடவை மறுத்த பார்ட்லியைத்தான் போன மாதம் பாதிரியார் அடக்கத்தின் திருவுருவம் என்று புகழ்ந்திருந்தார். தான் அவனுக்கு ஒரு படி மேலே என்று காட்ட வேண்டாமா?

"டாக்டர் பாடவே கூடாதுன்னுட்டாரு" என்றான் ஃபெஸ்டி.

"ஐயையோ! அப்பப் பாடாதீங்க ஐயா. உடம்பப் பாத்துக்கங்க" என்று க்ரான்யா கருவியைப் பார்ட்லி பக்கம் திருப்பினாள். டப்ளின்காரி, சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

பார்ட்லி மூன்று தடவை ஒழுங்காக மறுத்தான். பிறகு, "ஃபெஸ்டியால முடியலயே. அவன் பாட்ட நானே பாடிடறேன்" என்று கையை நீட்டினான். பாடுகிறவன் கையைப் பக்கத்தில் இருப்பவன் பிடித்து மெல்லச் சுழற்றுவது வழக்கம். ஃபெஸ்டி பதினொரு சரணமும் சுழற்றினான். ஒவ்வொரு சரணத்துக்கும் "நீ நூறு வருசம் இருக்கணும்!" என்று முறைப்படி வாழ்த்தவும் செய்தான். பாவி நன்றாகவும் பாடித் தொலைத்தான். ஃபெஸ்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"இன்னும் ஒரு பாட்டுக்கு நேரமிருக்கு. வேற யாராவது..." என்று க்ரான்யா ஆரம்பித்தாள்.

"நான் பாடறேன்!" ஃபெஸ்டி எழுந்தே நின்றுவிட்டான்.

கடையே அவன் பக்கம் திரும்பியது. "டாக்டரு?" என்றது ஒரு குரல்.

"டாக்டர் கெடக்கான்!"

பாடினான். வாழ்நாளில் அவன் அப்படிப் பாடியதில்லை. யாரும் வாழ்த்தவில்லை, கையைப் பிடிக்கவும் ஆள் இல்லை. வானொலியில் அதை இரண்டு தடவை போட்டார்கள். பாட்டைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசவில்லை; ஒரு தடவைகூட மறுக்காமல் எழுந்ததைத்தான் பேசினார்கள். அடுத்த ஞாயிறு கோயிலில் அவன் மனைவி நாலு இடம் தள்ளி உட்கார்ந்தாள்.