வந்த தடம்

ஐஸ் பெட்டியின் வயர் செருகியிருந்த பலகையில் இன்னொரு பிளக்குக்கு இடமிருந்தது. ஜீவிதா குனிந்து தன் போன் சார்ஜரை அதில் செருகினாள். வயர் குட்டை. அப்பாவின் தலைமாட்டில் சுவரோரமாக உட்கார்ந்தால்தான் போனைக் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது. அங்கேயே உட்கார்ந்தாள்.

"அப்பன் இப்பிடிக் கிடக்கான், இவ போனப் பாத்துக்கிட்டு இருக்கா," என்றாள் அத்தை பொன்னழகு.

போனில் அண்ணன் மணிமாறன் இருந்தான். முகம் தெரியவில்லை. போனை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே மாட்டி, கேமராவை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தான். இங்கே காலை வெயில் பந்தலுக்குள் வந்துவிட்டது. கனடாவில் இருட்டி வெகுநேரமாகியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. வைப்பர் ஒதுக்க ஒதுக்க அது வந்து ஒட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா நல்லுசாமி இறந்தது பூ மார்க்கெட்டில். சாணார்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மல்லிகை மூட்டைகளைத் தன் பிக்கப்பில் ஏற்றி வந்து இறக்கியவர், டீ குடிக்கக் கூப்பிட்டவர்களிடம் "செத்த இருங்கப்பா, வாரேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் சாய்ந்தார். அவ்வளவுதான். கூட வண்டி ஓட்டும் ஸ்டான்லி அந்த பிக்கப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஈரச் சாக்கு வாசனையும் பூ வாசனையும் அதிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தன.

மணிமாறன் அங்கே ஒரு பன்றிப் பண்ணையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறான். விமானம் ஏற நகரத்துக்குப் போக வேண்டும். பண்ணைக்காரர் தன் பிக்கப்பைக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே, பனி தள்ளுகிற வண்டி விடிந்த பிறகுதான் வரும், அதற்குப் பிறகு போ என்றாராம். விடிந்தால் விமானம் போய்விடும்.

"பாப்பா, இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"பேசாட்டியும் பரவால்ல. கட் பண்ணிராத."

பெரியப்பா கருப்பணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னத்தா சொல்றான்? பிளைட்டு ஏறிட்டானா?"

"ரோட்டுலதான் இருக்காக பெரியப்பா. ஓரத்துல முழங்காலுக்கு மேல பனி கிடக்காம்."

அவர் குனிந்து போனைப் பார்த்தார். "கொடைக்கானல்ல நாம பாக்காத பனியா? மஞ்ச லைட்டப் போட்டுக்கிட்டு, ஹாரன் அடிச்சுக்கிட்டே மெதுவா போகச் சொல்லு."

"எதுத்தாப்புல ஒரு வண்டியக் காணமே மாமா. யாருக்கு ஹாரன் அடிக்கிறது?" என்றான் பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஒருவன். இரண்டு பேர் சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

பெரியப்பா போனை வாங்கினார். சார்ஜர் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"ஏலே மணி, நான் பெரியப்பன் பேசுறேன். நீ வர்ற வரைக்கும் பெட்டியில வச்சிருப்போம். நீ வந்துதான் அப்பனக் குளிப்பாட்ட நீர்மாலைக்குக் குடம் எடுக்கணும். நீதான் கொள்ளி வைக்கணும். அம்புட்டுத் தூரம் போயிச் சம்பாரிச்சவன் அப்பனுக்குக் கொள்ளி வைக்க வரலைன்னு ஒருத்தன் பேசிறக் கூடாது. எப்பிடியாச்சும் வந்துரு."

"வந்துர்றேன் பெரியப்பா." சின்னப் பையனின் குரல் மாதிரி இருந்தது.

அம்மா அங்காளம்மாள் பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சா? புள்ள வந்துக்கிட்டு இருக்கு," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

ஜீவிதா போனை வாங்கி மறுபடி சார்ஜரைச் செருகினாள். அப்போது படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூட்டையை இறக்கிப் போட்டதுபோல் ஒரு சத்தம்.

"அண்ணே?"

அங்கே வண்டியின் கதவு திறந்தது. காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. ஜீவிதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். புதிதாக வந்தவர்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கியிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. ஓரத்துல இறங்கிருச்சு. மம்பட்டி கிடக்கு, தள்ளிருவேன்."

"புகைக்குழாயப் பனி மூடியிருக்கான்னு பாருண்ணே. மூடியிருந்தா மொத அதைத் தள்ளு. அதுவரைக்கும் இஞ்சின ஆஃப் பண்ணிரு."

கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. கல்லூரிப் பரீட்சையில் அவள் எழுதியிருக்கிறாள்.

பனி அள்ளும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. இந்த வீட்டில் அவ்வளவு பேர் இருந்தும் அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு இஞ்சின் உறுமி, டயர் சுற்றிச் சுற்றி, ஒரு குலுக்கலோடு படம் நேரானது.

"எடுத்துட்டேன்," என்றான். மூச்சு வாங்கியது.

"இன்னும் எம்புட்டுத் தூரம்ணே?"

"பாதி கூட வரல."

முன்பு ஓர் ஐப்பசி மழையில் அவள் அப்பாவோடு வண்டியில் வந்தாள். கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. பின்னால் முகூர்த்த நாளுக்கான மல்லிகை. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன ஒரு வேன் கடந்துகூடப் போய்விட்டது. அப்பா இஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு ரிவர்ஸ் போட்டார். வீட்டுக்கு வந்ததும், பூ வீணாய்ப் போயிற்றென்று அம்மா திட்டத் திட்டக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"அண்ணே, பின்னாடி பாரு. வந்த தடம் தெரியுதா?"

"எதுக்கு?"

"பாரு."

கண்ணாடியை இறக்கும் சத்தம் கேட்டது. "தெரியுது. மூடிக்கிட்டு வருது."

"அது தெரியறப்பவே திரும்பிரு."

"பெரியப்பா சொன்னதைக் கேட்டேல்ல பாப்பா?"

"கேட்டேன்."

"அம்மா?"

ஜீவிதா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஓரிடம் வெளுத்திருந்தது.

"நான் சொல்லிக்கிறேன். நீ திரும்பு."

"அப்பாவ நான் ஒரு தடவ..."

"திரும்புண்ணே."

வைப்பர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவன் அழுகிறானா என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து அந்த வெள்ளை மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, ஹெட்லைட் வெளிச்சத்தில் இரண்டு மங்கிய கோடுகள் வந்து நின்றன. வண்டி அவற்றின்மேல் ஏறிப் போனது.

பண்ணை வாசலின் விளக்கு தெரியும்வரை அவள் போனை வைக்கவில்லை. வைத்துவிட்டு எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது.

பந்தலில் பெரியப்பாவைச் சுற்றி நிறையப் பேர் நின்றார்கள். கூட்டத்துக்கு நடுவே அவள் பேசியதே இல்லை.

"பெரியப்பா, அண்ணன் வரல."

"வரலையா? பிளைட்ட நிப்பாட்டிட்டாகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் தரையைப் பார்த்தாள். "இல்ல. நாந்தான் திரும்பிப் போகச் சொன்னேன்."

"நெனச்சேன்," என்றாள் பொன்னழகு. "குசுகுசுன்னு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா."

"உன்னைய யாரு கேட்டா?" பெரியப்பா ஜீவிதாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "நீ யாரு அதைச் சொல்ல? பெத்த மகன் உசுரோட இருக்கையில..." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் மகன் முகேஷ்குமாரைக் கூப்பிட்டார். "குளிச்சிட்டு வாடா. நீதான் குடம் எடுக்கணும்."

ஜீவிதா உள்ளே வந்தாள். அம்மா நிமிர்ந்து அவளையே பார்த்தாள். வெளியே பேசியது எல்லாம் கேட்டிருக்கும்.

"நல்லாருக்கானா?"

"ம்."

அம்மா மறுபடி கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

கொட்டு முழங்கியது. முகேஷ்குமார் தலைக்குமேல் பங்காளிகள் வேட்டியை விரித்துப் பிடிக்க, நீர்மாலைக்குக் குடங்களோடு எல்லோரும் தெருவில் இறங்கினார்கள். அவளைத் தாண்டிப் போன யாரும் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் வண்டி வழியை மறிக்கிறதென்று ஸ்டான்லி அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தினார். அவர்கள் தண்ணீரோடு திரும்பியதும் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

போன் அடித்தது. இப்போது அண்ணனின் முகம் தெரிந்தது. புருவத்தில் இருந்த பனி கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அப்பாவக் காட்டு பாப்பா."

அவள் போனைப் பெட்டியின் மேல் பிடித்தாள்.

"ஒண்ணும் தெரியல."

கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள்.

"இப்ப?"

"ம். தெரியுது."

கொட்டுச் சத்தம் தெருமுனை தாண்டியது. ஓரங்களிலிருந்து ஆவி மறுபடி படர்ந்து வந்தது. அவள் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.