நூற்றுப் பத்தொன்பது மைல்

வென்டலுக்கு வயது எழுபத்தொன்று, இதயத்தில் இரண்டு அடைப்பு. "இந்த ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் என்கிட்ட வராதீங்க" என்று சொல்லித்தான் டாக்டர் பந்தயத் தாளில் கையெழுத்துப் போட்டார். செப்டம்பரில் எல் மிராஜ் வறண்ட ஏரியில் நடக்கும் வேகப் பந்தயத்தில் அப்பாவின் காரை ஓட்டிவிட வேண்டும். வென்டலுக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அப்பாவின் கார் இல்லை. இவன் பிறப்பதற்கு முன்பே கைமாறி, எங்கோ காயலான் கடையில் நசுங்கிப்போனது. ஃபான்டானா ஊரில் அப்பா விட்டுப்போன வீட்டுக் கராஜில் ஒரு தகரப் பெட்டிதான் மிச்சம். அதில் ஸ்டியரிங் சக்கரம், மீட்டர் பலகை, கிளட்ச் பிரேக் மிதிகள், ஒரு போட்டோ, வரிசையாக வெட்டுகள் போட்ட ஒரு விளக்குமாற்றுக் கம்பு. அப்புறம் ஏரியில் ஓடிய வேகத்துக்குக் கொடுத்த பித்தளைத் தகடு. அப்பாவின் பெயர் எவரெட், 1949, மணிக்கு 119 மைல் என்று அதில் பொறித்திருந்தது. சின்ன வயதில் அதைத் தொடுவதற்கு முன்னால் வென்டல் கை கழுவிக்கொள்வான்.

பக்கத்து வீட்டு சால் ஓய்வுபெற்ற வெல்டர், வாய் ஓயாதவன். இருவரும் இரண்டு வருஷம் பாடுபட்டார்கள். பார்ஸ்டோவில் ஒரு கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்த முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு உடலைக் கொண்டுவந்து எச்சம் சுரண்டினார்கள். அப்பா அளவு நாடாவை நம்பாதவர். காரின் ஒவ்வொரு அளவையும் அந்தக் கம்பில்தான் வெட்டி வைத்திருந்தார். தரைக்கும் சட்டத்துக்கும் ஒரு வெட்டு, முன்கண்ணாடி உயரத்துக்கு ஒன்று, மிதிக்கும் இருக்கைக்கும் ஒன்று. வென்டல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கம்பு சொன்னபடியே கட்டினான். பெட்டியிலிருந்து எடுத்த மிதிகளின் மேல் ஏற்கெனவே மூன்று அங்குல மரக்கட்டைகள் முடுக்கப்பட்டிருந்தன.

"இது எதுக்குய்யா?" என்றான் சால்.

"எஞ்சின் சூடு பாதத்தைச் சுடாம இருக்க. அந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான் வச்சுப்பாங்க." கரைத்துக் குடித்தவன் போலச் சொன்னான். கட்டைகள் அப்படியே இருந்தன.

எஞ்சின் முதல் தடவை முழங்கியபோது சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் கலகலவென்று ஆடின. சால் தொப்பியைக் கழற்றினான். தேவாலயத்திலேயே தொப்பியைக் கழற்றச் சொல்லி அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அடங்கிப்போன ஒரு சத்தம் தன் கையால் திரும்பி வந்துவிட்டதே என்று வென்டலுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. முன்கண்ணாடியின் மேல் விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேரே நின்றது. கிளட்சை மிதித்தால் முட்டி தாடைக்கு வந்தது.

"யோவ், பீப்பாய்க்குள்ள ஒட்டகத்தைத் திணிச்ச மாதிரி இருக்கே!"

வென்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அவனைவிட இரண்டு அங்குலம் உயரம். அவர் உட்கார்ந்த இடத்தில் இவன் எப்படி உட்கார முடியாமல் போகும்? கம்பை வைத்து மூன்று தடவை அளந்தான். தப்பே இல்லை.

"விடு. கட்டையைக் கழட்டிட்டு, இருக்கையைப் பின்னால தள்ளி, தரையை அறுத்துடலாம். ஒரு நாள் வேலை" என்று சால் அறுக்கும் மிஷினை எடுத்து நீட்டினான். வென்டல் வாங்கிக்கொண்டான். அப்பாவின் காரை அறுக்கவா என்று மனது அடித்துக்கொண்டது. அறுக்காவிட்டால் ஓட்ட முடியாது.

அந்த நேரம் தங்கை கோரலி, மதியச் சாப்பாட்டுக்கு பரிட்டோ வாங்கிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இந்தக் கராஜில் அவளுக்கு வாசலோடு சரி. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

"ஏன் ரெண்டு பேரும் இழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? நான் உக்காந்து பாக்கட்டுமா?"

யாரும் பதில் சொல்வதற்குள் ஏறிவிட்டாள். முதுகு இருக்கையில் படிந்தது. பாதங்கள் நேராகப் போய் மரக்கட்டைகளில் உட்கார்ந்தன. முன்கண்ணாடி வழியே பார்வை தாராளமாகப் போயிற்று. அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது. 

"கோரலி, உன் உயரம் என்ன?"

"அஞ்சு அடி ரெண்டு. அம்மா உயரம். ஏன்?"

வென்டல் மிஷினைக் கீழே வைத்துவிட்டுப் போட்டோவை எடுத்துவந்தான். ஆயிரம் தடவை பார்த்த போட்டோதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் தோல் தொப்பி, முகத்தை மறைத்த பெரிய புழுதிக் கண்ணாடி, புழுதி படிந்த தாடை. அப்பா என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கோரலி அதை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"வென்டி, கட்டைவிரலைப் பாரு."

ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கைகளிலும் கட்டைவிரல் விறைப்பாக மேலே நின்றது. சின்ன வயதில் வீட்டுப் பச்சை வண்டியில் அவர்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும்போது அம்மா அப்படித்தான் பிடிப்பாள். முப்பத்தைந்து மைலுக்கு மேல் போகமாட்டாள். பள்ளிச் சமையலறையில் கரண்டி பிடித்தே வாழ்நாளைக் கழித்த அம்மா, ஐரிஸ்.

போட்டோவின் அடியில் படம் எடுத்தவனின் நிழல் விழுந்திருந்தது. நெட்டை நிழல். அப்பாவைத் தவிர யாருக்கும் அவ்வளவு நீளக் கை கிடையாது.

"அப்பல்லாம் ஏரியில பொம்பளைங்களை ஓட்ட விடமாட்டாங்க" என்று சால் மெதுவாகச் சொன்னான். "அதான் உங்கப்பா பேரைப் போட்டு ஓட்டியிருக்காங்க. தெரிஞ்சா தகட்டைப் பிடுங்கிடுவாங்க."

வென்டல் யோசித்துப் பார்த்தான். விருந்துகளில் யார் கேட்டாலும் அப்பா, "அந்த வண்டி நல்லா ஓடிச்சு" என்பார். தான் ஓட்டியதாக ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருப்பாள். எப்பேர்ப்பட்டவளை அம்மாவாக வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறோம் என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது.

"சரி, இப்ப அறுக்கலாமா வேணாமா?" என்றான் சால்.

வென்டல் காரைச் சுற்றி வந்தான். அறுத்தால் அவன் ஓட்டலாம். ஆனால் அது அம்மாவின் காராக இருக்காது. கீழே கிடந்த மிஷினை எடுத்துச் சாலிடமே திருப்பிக் கொடுத்தான். "அறுக்க வேணாம். கோரலி, உனக்கு டாக்டர் கையெழுத்து கிடைக்குமா?"

"எனக்கு என்ன கேடு? குதிரை மாதிரி இருக்கேன்" என்றவளுக்கு அப்புறம்தான் விஷயம் உறைத்தது. முகம் சிவந்து போயிற்று.

"பிள்ளைங்களை இறக்கிவிடுற ஸ்கூல் பஸ் மாதிரி ஏரியில நடுவழியில சிவப்பு விளக்கைப் போட்டு நிறுத்திடாதே தாயீ" என்றான் சால்.

செப்டம்பரில் ஏரி வெடித்த களிமண்ணாக அடிவானம் வரை கிடந்தது. கோரலி தலைக்கவசம் மாட்டிக் கிளம்பினாள். முழக்கம் மண்ணில் ஏறி வென்டலின் உள்ளங்காலுக்கு வந்தது. புழுதி மட்டும் ஒரு கோடாக நீண்டுகொண்டே போனது. அந்தக் கோட்டின் நுனியில் போவது தன் தங்கை என்று நம்பவே முடியவில்லை. தான் ஓட்டவில்லையே என்ற ஏக்கம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கண்ணீர் அதற்காக வரவில்லை.

நூற்றுப் பதினொன்று. அம்மாவைவிட எட்டு மைல் குறைவு.

திரும்பும் பாதையின் முடிவில் கார் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. சாலும் வென்டலும் ஓடிப் போனார்கள். கோரலி தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். முகமெல்லாம் புழுதி. வென்டல் கை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"அம்மா எப்படி வென்டி இதுலேருந்து எறங்கி அந்தச் சமையலறைக்குப் போனா?" என்றாள்.