சாப்பிட்டேம்மா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கறித்தூள் விளம்பரத்தின் கீழே. யாரோ ஒரு அம்மா, 'சாப்பிட்டியா தம்பி?' என்று கேட்டிருந்தார். கடையின் பேஸ்புக் பக்கம், 'சாப்பிட்டேம்மா' என்று பதில் போட்டிருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாத்தளையின் காலை வெயிலில் மிளகு மணம் மெல்ல...

(வேண்டாம். மாத்தளை என்றால் மிளகு மணக்க வேண்டும் என்று நீங்கள் பழகியிருப்பதால் எழுதியது.)

2

சுரேகாவிலிருந்து தொடங்குகிறேன். மாத்தளை டவுனில் கலந்தர் முதலாளியின் மசாலாக் கடையில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. கடையின் பேஸ்புக் பக்கத்தை அதுவரை எழுதியவன் ரமணன், இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். 'சொந்தங்களே, சாப்பிட்டீங்களா?' என்று தினமும் காலையில் கேட்பான். பதினோராயிரம் பேர் அதற்குப் பழகியிருந்தார்கள். சுரேகா, 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே' என்று தொடங்கினாள். நாலு லைக் விழுந்தது. அதில் ஒன்று அவளே போட்டது.

"ரமணன் எழுதின மாதிரியே எழுதுங்க மகள்," என்றார் கலந்தர். "ஆள் மாறின சங்கதி சனத்துக்குத் தெரியப்படாது."

ரமணனின் இரண்டு வருடப் பதிவுகளைச் சோதனைக்குப் படிப்பதுபோல் படித்தாள். எங்கே 'ங்க' போடுவான், எங்கே கிண்டலடிப்பான், கேட்டவர் யாரானாலும் எப்படிப் பதில் சொல்லாமல் விடமாட்டான் என்பதெல்லாம் பிடிபட்டது. ஒரே வாரத்தில் சனம் திரும்பி வந்தது. சுரேகாவுக்குத் தலைகால் புரியவில்லை. 'சாப்பிட்டியா தம்பி?' என்று கேட்ட பாலாமணி என்ற பெயருக்கும், எல்லோருக்கும் போட்டதுபோல, 'சாப்பிட்டேம்மா' என்று போட்டாள். மறுநாளும் போட்டாள்.

3

(இங்கே எனக்குச் சுரேகாமீது சந்தேகம் வந்தது. தம்பி என்று கூப்பிடுவது யாரென்று பார்த்திருக்க மாட்டாளா? மாட்டாள். நாளுக்கு முந்நூறு பதில் எழுதிப் பாருங்கள், தெரியும்.)

சனிக்கிழமை பாலாமணி இரத்தோட்டை பஸ்ஸில் வந்திறங்கி நேராகக் கடைக்கே வந்தார்.

"நான் ரமணனோட அம்மாங்க. கோவிச்சுக்கிட்டுப் போனவன், ஒரு மாசமா போன் எடுக்கல. ஆனா உங்க பேஜ்ல கேட்டா ஒடனே பதில் சொல்லிர்றான். அங்க இருந்தும் கடைக்கு எழுதுறான் போல. எனக்கு அது போதுங்க. இப்ப, கோயில் தேருக்கு வர்றியான்னு கேட்டிருக்கேன். அதுக்கு மட்டும் இன்னும் ஒண்ணும் சொல்லல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க பாப்பா."

அந்தக் கேள்வி சுரேகாவின் கையிலிருந்த போனில்தான் காத்திருந்தது. கல்லாவிலிருந்த கலந்தர் தலை நிமிரவில்லை.

"சொல்றேங்கம்மா. உக்காருங்க," என்றாள்.

4

மூன்று முடிவுகள் எழுதினேன்.

சுரேகா உண்மையைச் சொல்கிறாள், பாலாமணி அழுகிறார். (தாய் அழுதால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பாராட்டு வரும். அதனாலேயே அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

ரமணன் அந்த நிமிடமே வீட்டுக்குப் போன் எடுக்கிறான். (ஒரே வரியில் எடுக்க வைத்துவிடலாம். கட்டாரில் இருப்பவனுக்கு அம்மா இங்கே காத்திருப்பது தெரிய வேண்டாமா?)

சுரேகா, 'வர்றேம்மா' என்று எழுதி...

முடிக்க முடியவில்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடமாக நானும் நீங்கள் பழகிய குரலில்தான் எழுதுகிறேன். நடுவில் ஆள் மாறியிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

5

ஆகவே போன் இனி உங்கள் கையில். சுரேகா 'அம்மா' என்று எழுதி நிறுத்தியிருக்கிறாள். அடுத்த சொல் உங்களுடையது. ரமணனாக எழுதுவீர்களோ சுரேகாவாக எழுதுவீர்களோ, நான் கேட்கப் போவதில்லை.

ஒன்று மட்டும். பாலாமணி நாலடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், போனை மடியில் வைத்துக்கொண்டு. நீங்கள் அனுப்பியதும் அது சத்தம் போடும். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி, வாய்விட்டுத்தான் வாசிப்பார். அதுவரை நீங்கள் அங்கேயேதான் நிற்க வேண்டும்.